ஹந்தானைச் சரிவில் என்ன இருந்தது?

கண்டி இராச்சியத்துக்குக் கற்கோட்டை பெரிதாகத் தேவைப்படவில்லை. காடே கோட்டையாக இருந்தது. போர்த்துக்கேயரும் அவர்களுக்குப் பின் ஒல்லாந்தரும் கரையோரத்தைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ முறை மலையேறிப் பார்த்தார்கள். ஏறியவர்களால் நிலைத்து நிற்க முடியவில்லை. ஒற்றையடிப் பாதைகளையும் அவற்றை மறித்து நின்ற முட்கதவுகளையும் பற்றி, அந்த மலைகளில் ஏறக்குறைய 20 வருடங்கள் கைதியாக இருந்து தப்பிய ரொபர்ட் நொக்ஸ் 1681இல் எழுதிய நூலில் படிக்கலாம்.

இதனால் ஒன்று நேர்ந்தது. உலகம் இலங்கையின் செடிகொடிகளை அறியத் தொடங்கியபோது மலைநாட்டுச் செடிகள் அந்தக் கணக்குக்குள் வரவில்லை. ஒல்லாந்துக் கம்பனியின் மருத்துவர் போல் ஹெர்மன் 1670களில் கொழும்பிலிருந்து சேர்த்தவை பெரும்பாலும் தாழ்நிலத்துச் செடிகள். சுவீடனில் இருந்தபடியே அந்தச் சேகரிப்பை வைத்து லின்னேயஸ் 1747இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். கண்டியை ஒட்டிய ஹந்தானை மலையிலும் தும்பறைக் காடுகளிலும் உடவத்தக்கலையிலும் என்ன வளர்ந்தது என்பது அங்கு வாழ்ந்த மக்களுக்கும் வைத்தியருக்கும் மட்டுமே தெரிந்திருந்தது.

1815இல் கண்டி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. ஆறு வருடங்களில், 1821இல், மகாவலி கங்கை மூன்று பக்கமும் சுற்றி ஓடும் பேராதனையில் தாவரவியல் பூங்கா வந்தது. நாயக்கர் வம்சத்துக் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் காலத்தில் அரச பூந்தோட்டமாக இருந்த இடம் அது. இன்று 147 ஏக்கர் பரப்பில் ஓர்க்கிட் வீட்டையும் பனைமர வரிசைகளையும் பார்க்க வருகிறவர்கள், அது அழகுக்காக அமைந்த இடம் என்றே நினைப்பார்கள். ஆங்கில அரசுக்கு அழகு இரண்டாம் பட்சம். எந்தச் செடி இங்கே வளரும், எது காசு தரும் என்று சோதித்துப் பார்க்க ஓர் இடம் வேண்டியிருந்தது. ஆரம்பத்தில் அங்கே நட்டவை கறுவாவும் கோப்பியும்தான். பிறகு சிங்கோனா, பிறகு இறப்பர்.

அந்தப் பயிர்ச் சோதனைகளுக்கு நடுவே, சிலர் சொந்த ஆர்வத்தால் இன்னொரு வேலையையும் செய்தார்கள். இந்த மண்ணில் தானாக வளர்வது என்ன என்று எண்ணத் தொடங்கினார்கள். பூங்காவைத் தொடக்கிய அலெக்சாண்டர் மூன் 1824இல் 1,127 செடிகளின் பட்டியலை சிங்களப் பெயர்களோடு அச்சிட்டார். மறுவருடம் இறந்துபோனார். பிரேசில் காடுகளில் அலைந்து பழகிய ஜோர்ஜ் கார்ட்னர் 1844இல் பொறுப்பேற்று ஐந்தே வருடங்களில் நுவரெலியாவில் காலமானார். அந்த ஐந்து வருடங்களில் அவர் ஹந்தானையில் ஏறி இறங்கிச் சேர்த்த மாதிரிகள் இன்றும் இருக்கின்றன. ஒரு செடி ஹந்தானையில் இருந்ததா என்று தேடுகிறவருக்குக் கார்ட்னரின் பெயர் அடிக்கடி எதிர்ப்படும்.

கார்ட்னருக்குப் பின் வந்த த்வெய்ட்ஸ் 1849 முதல் 1880 வரை பேராதனையிலேயே இருந்தார். அவர் 1858 தொடக்கம் 1864 வரை இலத்தீனில் வெளியிட்ட கணக்கெடுப்பு நூல்தான் இலங்கைத் தாவரவியலின் அத்திவாரம். அதற்கு ஆதாரமாக நின்றவை உலர்த்திய மாதிரிகள். அவை எப்படிப்பட்டவை என்று சற்றுக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும்.

பூவோ காயோ உள்ள ஒரு கிளையை வெட்டி, மையொற்றுத் தாள்களுக்கிடையே வைத்து, பலகையால் இறுக்கி உலர்த்துவார்கள். ஒரு இலை மேற்பக்கம் தெரியவும் இன்னொரு இலை கீழ்ப்பக்கம் தெரியவும் மடித்துவிடுவார்கள், அடிப்பக்கத்து மயிரும் நரம்பும் அடையாளத்துக்கு முக்கியம் என்பதால். காய்ந்ததைத் தடித்த தாளில் ஒட்டி அல்லது நூலால் தைத்து, வலது கீழ்மூலையில் ஒரு சீட்டு வைப்பார்கள். த்வெய்ட்ஸின் சீட்டுகளில் சி.பி. என்ற எழுத்துகளும் ஓர் எண்ணும் இருக்கும். இலங்கைச் செடி என்பதன் சுருக்கம் அது. ஒரே எண்ணில் பல பிரதிகள் தயாரித்து லண்டன் கியூ பூங்காவுக்கும் வேறு நாடுகளுக்கும் அனுப்பினார். நிறம் போய்விடும். வடிவம் போகாது. 170 வருடத்துக்கு முந்திய ஒரு இலையின் விளிம்பில் எத்தனை பற்கள் என்று இன்றைக்கும் எண்ணலாம்.

ஆனால் அந்தச் சீட்டுகளில் ஒரு பெரிய குறை இருக்கிறது. த்வெய்ட்ஸ் எண்ணைக் கொடுத்தது இனத்துக்கு. எடுத்த இடத்துக்கும் நாளுக்கும் அல்ல. கார்ட்னர் ஒரு மலையில் எடுத்ததும் த்வெய்ட்ஸின் ஆட்கள் வேறொரு மலையில் எடுத்ததும் ஒரே எண்ணுக்குள் அடங்கிவிட்டன. அன்றைக்கு இது தவறாகத் தோன்றியிருக்காது, இன்ன செடி இலங்கையில் உண்டு என்று காட்டுவதே அன்றைய நோக்கம். எந்தச் சரிவில், எந்த ஓடைக்கரையில் என்று கேட்க வேண்டிய காலம் வரும் என்று அவர்கள் எண்ணியிருக்க நியாயமில்லை. எந்தச் சரிவு என்ற அந்தக் கேள்விதான் இன்று ஆய்வாளரின் உயிரை எடுக்கிறது.

அந்தக் கேள்விக்குக் காரணமான அழிவும் அதே வருடங்களில்தான் நடந்தது. த்வெய்ட்ஸ் ஒரு பக்கம் எண்ணிக்கொண்டிருந்தபோது மறுபக்கம் கோப்பிக்காகக் காடு விழுந்துகொண்டிருந்தது. 1820களில் கம்பளைப் பக்கம் தொடங்கிய கோப்பி, 1840களில் வெறியாகிக் கண்டியைச் சுற்றிய மலைகளையெல்லாம் பிடித்தது. மரங்களை வெட்டிச் சாய்த்தவர்களில் அயல் கிராமத்துச் சிங்களவர் பலர். எரித்த நிலத்தைத் திருத்தி நட்டுப் பறித்தவர்கள் திருநெல்வேலி, மதுரை, திருச்சி, சேலம் பக்கங்களிலிருந்து மன்னார் வழியாக நடந்து வந்த நம்மவர்கள். வரும் வழியிலேயே எத்தனையோ பேர் செத்து விழுந்தார்கள். காடு அழிந்ததற்கு அவர்களைக் குற்றம் சொல்லும் பேச்சை இன்றும் அங்குமிங்கும் கேட்கிறேன், அது மனதை நோகடிக்கிறது. நிலத்தை விற்றவரும் வாங்கியவரும் வேறு ஆட்கள்.

1869இல் கோப்பி இலையில் ஆரஞ்சு நிறத் தூள் படிந்தது. த்வெய்ட்ஸ் அனுப்பிய மாதிரியைப் பார்த்து இங்கிலாந்தில் பெர்க்லி அந்தப் பூஞ்சைக்குப் பெயர் வைத்தார். இருபது வருடத்துக்குள் கோப்பி போய்விட்டது. காடு திரும்பி வரவில்லை. ஹேவாஹெட்டைப் பக்கம் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் நட்டுக் காட்டியிருந்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது.

1873இல் கியூவிலிருந்து ஜோசப் ஹுக்கர் கொடுத்த ஆலோசனையின் பேரில், 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளை இனி விற்பதில்லை என்று அரசு முடிவெடுத்தது. ஆற்றுத் தலைகளைக் காப்பாற்றிய நல்ல முடிவு. சிவனொளிபாத மலையும் ஹோர்ட்டன் சமவெளியும் இன்று பச்சையாக நிற்பதில் அதற்குப் பங்குண்டு. ஆனால் கண்டிக்கு அந்தக் கோடு உதவவில்லை. நகரம் இருப்பது 1,600 அடி உயரத்தில். ஹந்தானையின் உச்சிகூட 4,000 அடியைத் தொடவில்லை. தாழ்நில மழைக்காட்டுக்கும் முகில் தவழும் உயர்மலைக் காட்டுக்கும் இடைப்பட்ட அந்த நடுமலைக் காடு, இரண்டிடத்து இனங்களும் சந்திக்கிற காடு, கோப்பிக்கு மிகப் பிடித்த உயரத்திலேயே இருந்தது. பாதுகாப்புக் கோட்டுக்குக் கீழே விழுந்த அந்தக் காட்டைத்தான் நாம் அதிகம் இழந்தோம் என்பது என் எண்ணம். தப்பியவை துண்டுகள்: தலதா மாளிகைக்குப் பின்னால் 104 ஹெக்டயர் உடவத்தக்கலை, ஆற்றுக்கு அக்கரையில் கன்னொறுவைக் குன்று, ஹந்தானை ஓடைகளின் ஓரங்கள். பெரும் பரப்பாக எஞ்சியது நக்கிள்ஸ் என்று எல்லோரும் சொல்லும் தும்பறை மலைத்தொடர் மட்டுமே. அங்கும் காட்டின் அடிப்பகுதியைத் திருத்தி ஏலம் நட்டிருந்தார்கள்.

த்வெய்ட்ஸுக்குப் பின் வந்த ஹென்றி டிரைமன் இந்தக் கணக்கை ஐந்து பாகக் கைநூலாக எழுதத் தொடங்கினார். முதற் பாகம் 1893இல் வந்தது. 1896இல் அவர் இறக்க, மீதியை ஹுக்கர் முடித்து 1900இல் நிறைவு செய்தார். ஒவ்வொரு செடிக்கும் எந்த ஊரில், எந்த உயரத்தில், யார் கண்டது என்று டிரைமன் தேடித்தேடி எழுதினார். சிங்களப் பெயரும் தமிழ்ப் பெயரும் சேர்த்தார். படங்கள் வரைந்தது த அல்விஸ் குடும்பம். 1823இல் மூனிடம் வேலைக்குச் சேர்ந்த ஹர்மனிஸ் த அல்விஸும் அவருடைய மகன்களும் பேராதனையில் தலைமுறை தாண்டி வரைந்தார்கள். செடியைக் காட்டிக் கொடுத்தவர்கள், மரமேறிக் கிளை வெட்டியவர்கள் பெயர்கள் பெரும்பாலும் எங்குமே இல்லை.

பூங்காவின் வாசல் வழியே வேறு விருந்தாளிகளும் வந்தார்கள். இன்று இலங்கை முழுக்கப் பரவியிருக்கும் உண்ணிச்செடி 1826இல் பேராதனைக்கு அலங்காரச் செடியாக வந்தது. உடவத்தக்கலையை இன்று நெருக்கும் மைரோக்சிலன் என்ற தென்னமெரிக்கப் பால்சம் மரமும் அப்படி வரவழைத்து நட்ட மரமே. அதன் காய்க்கு ஒற்றைச் சிறகு உண்டு, காற்றில் சுழன்று தூரம் போய் விழும். நம் மரங்களின் கன்றுகள் ஒளிக்காகக் காத்துக் கிடக்கும் நிழலில் இது சளைக்காமல் முளைக்கிறது. உடவத்தக்கலைப் பாதையில் நின்று பாருங்கள். சில இடங்களில் முழங்கால் உயரத்துக்கு ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே இலை, நாற்றுமேடை போல. பசுமையைப் பார்த்ததும் காடு செழிப்பாக இருக்கிறது என்று தோன்றும். அத்தனையும் ஒரே மரத்தின் பிள்ளைகள். நாக மரத்தின் கன்றையோ காட்டுச் சாதிக்காயின் கன்றையோ அதற்குள் தேடத்தான் வேண்டும். 1856இல் ஒதுக்குக் காடாகவும் 1938இல் சரணாலயமாகவும் அறிவித்துக் கோடரியைத் தடுத்தோம். விதையை எந்த வர்த்தமானியால் தடுப்பது? ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். கன்று சிறிதாக இருக்கும்போது, மழை பெய்து மண் இளகிய நாளில், வேரோடு வரும். இரண்டு வருடம் விட்டால் மண்வெட்டி வேண்டும்.

சுதந்திரத்துக்குப் பின் பேராதனையில் பல்கலைக்கழகம் வந்தது. இலங்கைத் தாவரங்களை மறுபடி முழுதாக எண்ணும் திட்டம் 1968இல் அந்தப் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனமும் சேர்ந்து தொடங்கியது. பேராசிரியர் தசநாயக்கவும் ரேமண்ட் பொஸ்பெர்க்கும் பதிப்பாசிரியர்களாகத் தொடங்கிய திருத்திய கைநூல் 1980 முதல் 2006 வரை 15 தொகுதிகளாக வந்தது. டிரைமனின் ஊர்ப்பெயர்களைப் பிடித்துக்கொண்டு திரும்பப் போய்ப் பார்த்தபோது, பல இடங்களில் அந்த ஊர் இருந்தது, அந்தக் காடு இல்லை.

2012இல் சுற்றாடல் அமைச்சு வெளியிட்ட சிவப்புப் பட்டியல் அந்த இழப்பை எண்ணாகச் சொன்னது. மதிப்பிட்ட 3,154 பூக்கும் தாவர இனங்களில் 894 இலங்கைக்கே உரியவை. 1,386 அழியும் ஆபத்தில் இருந்தன. இவற்றுள் 177 இனங்கள் அநேகமாக அற்றுப்போயிருக்கலாம் என்ற வகையில். நூறு வருடமாக யாரும் பார்க்கவில்லை, ஒரு பழைய தாள் மட்டும் சாட்சி என்ற நிலையில் இருந்தவை அவற்றுள் பல. இன்னும் ஐந்து இனங்களை அற்றே போனவை என்று எழுதிவிட்டார்கள்.

அதற்குப் பின் நடந்ததுதான் எனக்கு மிகுந்த நம்பிக்கை தருவது. ஹந்தானையில் இருக்கும் அடிப்படை ஆய்வுகளுக்கான தேசிய நிறுவனத்தோடு சேர்ந்து இயங்கிய ஹிமேஷ் ஜயசிங்க என்ற ஆய்வாளர் அந்த 177ஐயும் தேடிக் காட்டுக்குப் போனார். நூற்றுக்கும் மேற்பட்டவற்றை உயிரோடு கண்டுபிடித்தார். அற்றே போனதாக எழுதிய கிரூடியா என்ற அவரைக் குடும்பத்து மரம் 2019இல் கம்பஹாவில் தரலுவ என்ற ஊரில் அவருக்குத் தென்பட்டது. கொழும்பிலிருந்து கண்டி நோக்கி அமையும் மத்திய அதிவேக வீதிக்கான நிலத்தில் அது நின்றது. 2021இல் அதை வெட்டப் போகிறார்கள் என்ற செய்தி பரவியதும் நாடு முழுக்க எதிர்ப்பு எழுந்தது. ஒரு மரத்தின் பெயரை அத்தனை பேர் உச்சரித்த நாட்கள் அவை.

தேடும் முறையில் மாறியது என்ன? கையில் செயற்கைக்கோள் இடங்காட்டி இருக்கிறது. எடுத்த இடம் சில மீற்றர் துல்லியத்தோடு சீட்டில் ஏறுகிறது. த்வெய்ட்ஸ் விட்ட குறை இனி வராது. மரபணுச் சோதனைக்காக இலைத்துண்டை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளில் போட்டு வைக்கிறார்கள். செடியின் படம் அன்றிரவே வேறு நாட்டு நிபுணரின் கண்ணுக்குப் போய்விடும். மாறாதது மையொற்றுத் தாளும் பலகையும், பூக்கும் காலத்தில் சரியான இடத்தில் ஆள் நிற்க வேண்டும் என்பதும். பூவில்லாமல் இலையை மட்டும் வைத்து உறுதி சொல்ல முடியாத குடும்பங்கள் எத்தனையோ. பேராதனைத் தேசிய உலர்தாவரகத்தின் அலுமாரிகளில் ஒன்றரை லட்சம் அளவிலான தாள்கள் அடுக்கியிருக்கின்றன. தேடல் அங்கே தொடங்குகிறது, கண்டெடுத்த புதிய கிளை அங்கேதான் வந்து சேர்கிறது.

கங்கையிலும் ஒரு கதை இருக்கிறது. பேராதனைக்கும் கண்டிக்கும் இடையே ஹக்கிந்தைப் பாறைகளில், ஓடும் நீருக்கடியில் பாசி போல ஒட்டி வளரும் பூக்கும் செடிகள் உண்டு. வேர் மண்ணைத் தேடாது, பாறையையே பற்றும். நீர் வற்றிப் பாறை வெளியே தெரியும் மாதங்களில் அவசரமாகப் பூத்துக் காய்த்து முடித்துவிடும். டிரைமனுக்குப் பின் பூங்காவின் பணிப்பாளராக இருந்த வில்லிஸ் இவற்றை ஆராய்ந்து 1902இல் எழுதியது உலகெங்கும் பேசப்பட்டது. இச்செடிகளின் வாழ்க்கை முழுவதும் ஆற்றின் ஏற்ற இறக்கத்தில் தங்கியிருக்கிறது. 1976இல் பொல்கொல்லை அணையும் 1985இல் மேலே கொத்மலை அணையும் வந்தபின் அந்த ஏற்ற இறக்கம் மழையின் கையில் மட்டும் இல்லை. மதகின் கையிலும் இருக்கிறது. பாறைகளில் வருடம்தோறும் பதிவு எடுக்க ஒரு சிறு குழு போதும். கண்டிப் பாடசாலைகளின் உயர்தர மாணவர்களுக்கே இதைப் பழக்கலாம்.

நக்கிள்ஸ் காடு 2000இல் பாதுகாக்கப்பட்ட வனமானது, 2010இல் உலக மரபுரிமை ஆனது. அதே 2010இல் ஹந்தானையும் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் ஹந்தானையின் பெரும்பகுதி இன்று காடு அல்ல. மானாப் புல், கைவிட்ட தேயிலை, 1970களிலும் 80களிலும் மலைநாடெங்கும் நட்ட கரீபியன் பைன். பைனின் கீழ் ஊசியிலை மெத்தையாகப் படியும். வறட்சியில் தீ வந்தால் எளிதில் பற்றும். வருடாவருடம் புற்சரிவு கருகுவதை நகரத்திலிருந்தே பார்க்கிறோம்.

பைனை ஒரேயடியாக வெட்ட வேண்டியதில்லை. பேராதனைப் பேராசிரியர்களான சாவித்திரி, நிமல் குணதிலக்க இணையர் சிங்கராஜ வன ஓரத்தில் நடத்திய சோதனைகள் இதைக் காட்டியிருக்கின்றன. சில வரிசைகளை மட்டும் நீக்கி, பைனின் அரைநிழலில் மழைக்காட்டு மரங்களின் கன்றுகளை நட்டால் அவை நன்றாக எழுகின்றன. பைன் செவிலித்தாயாக நிற்கிறது. அந்த முறை ஹந்தானைக்கும் பொருந்தும் என்று நம்புகிறேன், இனங்களை மட்டும் அந்தச் சரிவுக்கு ஏற்றபடி தேர்ந்தெடுக்க வேண்டும். எந்த இனம்? கடையில் கிடைக்கும் கும்புக்கும் மகோகனியும் அல்ல. மகோகனி வெளியிலிருந்து வந்த மரம், கும்புக் ஆற்றங்கரை மரம். ஹந்தானைச் சரிவில் நட வேண்டியவற்றின் பட்டியல் கார்ட்னர் எடுத்த கிளைகளிலும் டிரைமன் எழுதிய ஊர்ப்பெயர்களிலும் இருக்கிறது. அதை எடுத்து, தமிழிலும் சிங்களத்திலும் படத்தோடு, சட்டைப்பையில் அடங்கும் சிறு நூலாகப் போடுவது பெரிய செலவில்லை.

விதைதான் கடினம். நெல்லும் பயறும் கன்னொறுவையில் ஜப்பானிய உதவியோடு அமைந்த தாவர மரபுவள நிலையத்தில் குளிரில் வருடக்கணக்காக உறங்கும். மழைக்காட்டு மரங்கள் பலவற்றின் விதை அப்படி உறங்காது. உலர்த்தினால் செத்துவிடும், சில வாரங்களில் முளைதிறன் போய்விடும். சில மரங்கள் வருடாவருடம் காய்ப்பதுகூட இல்லை. ஆகவே எஞ்சிய தாய்மரங்கள் எங்கே நிற்கின்றன என்று ஒவ்வொன்றாகக் குறித்து, எப்போது பூக்கிறது, எப்போது காய் உதிர்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஹந்தானைத் தோட்டத்து லயன்களில் வாழும் குடும்பங்களுக்கு அந்த ஓடைகளும் மரங்களும் தலைமுறையாகப் பழக்கம். விறகுக்கும் கீரைக்கும் அன்றாடம் போகிறவர்கள். கூலியும் கற்றலும் கொடுத்து நாற்றுமேடையை அவர்கள் பொறுப்பில் விட்டால், மரத்தைத் தேடி யாரும் நகரத்திலிருந்து ஏற வேண்டியதில்லை. காய் உதிரும் வாரத்தில் மரத்தடியில் கூடையோடு ஆள் நிற்க வேண்டும். அந்த ஆள் அங்கேயே இருக்கிறார்.